ஊரே கேட்ட விண்ணப்பம்

30 அக்டோபர், வியாழன். இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். இரண்டு ஒலிப்பதிவுகளுக்கும் தேதியை மட்டும் பெயராக வைத்தேன். எது என்ன பதிவு என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். 'சிறு' தவறு என்று எழுதியது சரியா என்று தெரியவில்லை.

கும்பகோணத்திலிருந்து திரும்பும் டவுன் பஸ்ஸில் சுடர்விழி இதை எழுதினாள். கடைசி வரி மட்டும் கோணிக்கொண்டு போயிருந்தது. அதற்குப் பாதி காரணம் சாலை.

மாலை நேர ஆங்கில வகுப்பில் தஹ்மீனா மிஸ், எல்லோரும் தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தார். எந்த மொழியானாலும் சரி, முதலில் கை பழகட்டும் என்றார். மற்றவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். சுடர்விழி விடவில்லை. எதையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, ஒழுங்காகச் செய்தோமா என்று சந்தேகப்படுவது அவள் வழக்கம்.

அவளுக்கு வேலை குடமுருட்டி சமுதாய வானொலியில். பாபநாசத்துக்குப் பக்கத்தில், சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கு மட்டும் எட்டும் சின்ன நிலையம். பழைய கூட்டுறவுக் கட்டடத்தின் மாடியில் ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்பீக்கர். நிகழ்ச்சி எழுதுவது, பேசுவது, வெட்டி ஒட்டுவது, அறையைப் பெருக்குவது எல்லாம் அவள்தான்.

மூன்று வருடமாக அவள் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். இதே வேலையைச் செய்யும் இன்னொருவரை நேரில் பார்த்ததே கிடையாது. நடவுக்குப் போகிறவளுக்குப் பக்கத்து வரிசையில் ஆள் உண்டு. நாற்றுமுடி பெரிதா சிறிதா என்று திரும்பிப் பார்த்துக் கேட்டுக்கொள்ளலாம். வானொலியில் பேசுகிறவள் யாரைத் திரும்பிப் பார்ப்பது?

அப்போதுதான் காட்மாண்டு மாநாட்டைப் பற்றித் தகவல் வந்தது. பல நாட்டுச் சமுதாய வானொலிக்காரர்கள் பிப்ரவரியில் அங்கே கூடுகிறார்கள். கைக்காசு போட்டு வர முடியாத சிறிய நிலையத்துக்காரர்களுக்கு உதவித்தொகை உண்டு. பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. விண்ணப்பத்தில் ஒரே கேள்வி: 'உங்கள் நிலையத்தில் தீராத பிரச்சினை எது? அதைப் பற்றி மாநாட்டில் என்ன கேட்பீர்கள்?' தாய்மொழியிலேயே பேசிப் பதிவு செய்து அனுப்பலாம். நிலையப் பொறுப்பாளரின் பரிந்துரையும் வேண்டும். திங்கட்கிழமை மதியம் கடைசி.

பொறுப்பாளர் ராஜராஜன் சார் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்.

"மாநாடுன்னா என்னம்மா? டீ, பிஸ்கட், குரூப் போட்டோ. அதுக்கு நேபாளம் வரைக்கும் போகணுமா?"

"நான் கேக்கறதுக்கு ஒரு கேள்வி இருக்கு சார்."

"அதை என்கிட்ட கேளேன்."

அவரிடம் கேட்கக்கூடிய கேள்வி அல்ல அது. வியாழக்கிழமை மதியம் கதவைச் சாத்திக்கொண்டு மைக்கிடம் சொன்னாள்.

"எங்கள் வானொலியை யாராவது கேட்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. டீக்கடை வைரக்கண்ணு மாமா, எங்கள் மாலை நிகழ்ச்சி தொடங்கியதும் வேறு நிலையத்தில் பாட்டுக்கு மாற்றிவிடுகிறார். என் அம்மாவே அந்த நேரத்தில் சீரியல் பார்க்கிறார். எங்கள் பொறுப்பாளர் ராஜராஜன் சார் 'இன்றைய சிந்தனை' பேசும்போது நானே இரண்டு தடவை தூங்கியிருக்கிறேன். சமையல் குறிப்பு சொல்லும் ஷமா அக்கா எதிலும் உப்புப் போடச் சொல்வதில்லை. ஏன் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. மற்ற நிலையத்துக்காரர்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான்: கேட்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? கேட்கவில்லை என்று தெரிந்தால் மறுநாள் எப்படிப் பேசுகிறீர்கள்?"

பேசி முடித்ததும் மனசு லேசாக இருந்தது. அந்தப் பதிவைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டாள். மாலை ஆறு மணிக்குத் தானாக ஓடுவதற்கு, சம்பா நெல்லில் இலைச்சுருட்டுப் புழு பற்றிய நிகழ்ச்சியைக் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டு வகுப்புக்குப் பஸ் ஏறினாள்.

வகுப்பு முடிந்ததும் தஹ்மீனா மிஸ்ஸிடம் கருத்துக் கேட்டாள். மிஸ் பென்டிரைவைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு சுடர்விழி. ஆனா ஒரு விண்ணப்பத்துக்கு, புழுவைப் பத்தி கொஞ்சம் அதிகமா சொல்லியிருக்கீங்க."

புழு இங்கே இருக்கிறது என்றால், ஆறு மணிக்கு ஊரில் ஓடியது எது?

வீட்டுக்கு வந்தபோது அம்மா காத்தாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சோறு இருக்கு. போட்டுக்க."

வழக்கமாகச் சொல்வதுதான். ஆனால் அன்றைக்கு அந்த ஒவ்வொரு சொல்லிலும் சீரியல் விஷயம் ஒளிந்திருப்பதுபோல் சுடர்விழிக்குக் கேட்டது.

தப்பு செய்தால் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவும் அவர்கள் கோபித்துக்கொள்வதற்கு முன்பே கேட்க வேண்டும் என்று முடிவு செய்தாள். வெள்ளிக்கிழமை காலை முதலில் டீக்கடை.

வைரக்கண்ணு பாய்லருக்குப் பின்னால் நின்றிருந்தார். முகம் சரியில்லை.

"மாமா, நேத்து சாயங்காலம் நம்ம ரேடியோவுல..."

"கேட்டேன் கேட்டேன்," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

போச்சு என்று நினைத்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க மாமா. நீங்க பாட்டுக்கு மாத்திடறீங்கன்னு சொன்னது உங்களக் குத்தம் சொல்லறதுக்காக இல்ல."

வைரக்கண்ணு டீ ஆற்றும் கை அந்தரத்தில் நின்றது.

"நான் பாட்டுக்கு மாத்தறனா?"

"அப்படித்தான் மாமா சொல்லிட்டேன்."

"எம்பேரச் சொல்லியா?"

"டீக்கடை வைரக்கண்ணு மாமான்னுதான்..."

"அதானே! அதத்தான் நானும் ராத்திரி பூரா நெனச்சு நெனச்சு வேகறேன்! நம்ம புள்ள, நம்ம கடையில ஓசி டீ குடிச்ச புள்ள, நம்மளப் பாத்து இப்படிச் சொல்லிருச்சேன்னு!" குரல் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஏறியது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் பேப்பரை மடித்தார். "என்ன வைரக்கண்ணு, என்ன சொல்லுச்சாம்?"

"நீ ரேடியோ கேக்கலியா?"

"ஏன் கேக்காம? கேட்டேனே. நடுவுல மாடு அவுத்துக்கிட்டு ஓடிருச்சு, அதான் கொஞ்சம் விட்டுப்போச்சு."

விட்டுப்போனதை, சார் பேச்சுக்குத் தூங்கியதையும் அம்மாவின் சீரியலையும், சுடர்விழியே அவருக்குச் சொன்னாள்.

"இந்தா பாரு சுடரு," என்றார் வைரக்கண்ணு. அலமாரியிலிருந்த ரேடியோவை எடுத்தார். பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். ரேடியோவைச் சர்க்கரை மூட்டைக்குப் பின்னால் வைத்தார். "இனிமே இந்தக் கடையில பாட்டும் கிடையாது, உன் பேச்சும் கிடையாது."

ஒரு நேயரை இழக்க முடியும் என்பது அவளுக்குப் புதிய செய்தி. இழப்பதற்கு முன் அவர் நேயராக இருந்திருக்கிறார்.

டீக்கடையில் காலையில் சொன்னது மதியத்துக்குள் கட்டடத்து மாடிப்படி ஏறி வந்தது. ராஜராஜன் சார் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

"நான் பேசினா தூக்கம் வருதாமே?"

"சார்... நீங்களும் கேட்டீங்களா?"

"நல்லாருக்கே கேள்வி! நான் இந்த நிலையத்தோட பொறுப்பாளர். நான் கேக்காம வேற யாரு கேப்பா? ஒரு வார்த்தை விடாமக் கேட்டேன்."

"ரெண்டு தடவைதான் சார் தூங்கினேன்."

"ரெண்டு தடவையா!" சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார். "ஆமா. ரெண்டு தடவைன்னுதான் சொன்ன. கேட்டேனே."

"மன்னிச்சிருங்க சார்."

"எந்தச் சிந்தனைக்குத் தூங்கின?"

"விழிப்புணர்வு பத்தி நீங்க பேசினீங்கள்ல, அதுக்கு சார்."

சார் வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். பரிந்துரையும் அவரோடு இறங்கிப் போவதுபோல் அவளுக்குத் தோன்றியது.

தனித்தனியாகக் கேட்டது போதவில்லை. எந்த வாயால் சொன்னோமோ அதே வாயால், அதே ஆறு மணிக்கு, ஊரறியக் கேட்டுவிட வேண்டும். எழுதி, அடித்து, திருத்தி, திரும்ப எழுதி, நேரலையில் வாசித்தாள். வைரக்கண்ணு மாமா, ராஜராஜன் சார், ஷமா அக்கா, அம்மா என்று ஒவ்வொருவர் பேரையும் சொல்லி, இன்னாருக்கு இன்ன குற்றம் சொன்னேன், அது தவறு என்று விளக்கமாகச் சொன்னாள். ஸ்பீக்கரில் தன் குரலைக் கேட்டபோது அவளுக்கே கண் கலங்கியது.

வீட்டு வாசலில் அம்மா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

"ஏன்டி, நான் சீரியல் பாக்கறேன்னு ரேடியோவுல சொன்னியாமே? டீக்கடையிலேர்ந்து ரேஷன் கடை வரைக்கும் அதே பேச்சு!"

"அதான்ம்மா இப்பதான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டல்ல?"

அம்மா ஒரு கணம் உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவியைப் பார்த்தாள். "கேக்காம என்ன? பெத்த மக பேசறத பெத்தவ கேக்காம இருப்பாளா? அதுக்காக எம்மானத்த மறுபடியும் ஒருதரம் வாங்கணுமா? நேத்து கேக்காதவளுகளும் இன்னிக்கி கேட்டிருப்பாளுக."

சனிக்கிழமை ஷமா அக்கா முறை. அவள் கடைத்தெருவில் ரவிக்கை தைப்பவள். புருஷன் துபாயில் இருக்கிறார். தையல் மிஷினை நிறுத்தி, சுடர்விழியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து நீ மன்னிப்புக் கேட்டியே புள்ள, எனக்கு அழுகையே வந்துருச்சு. எதுக்கு அப்படி மனச வருத்திக்கற? நான் ஒண்ணும் நெனக்கல."

"நீங்க பெரிய மனசுக்காரங்கக்கா. அந்த உப்பு விஷயத்தை வேற யாராவதா இருந்தா..."

"எந்த உப்பு?"

"அதான்க்கா, உங்க குறிப்புல உப்பே வராதுன்னு..."

ஷமா கையை விட்டாள். "என் சமையல்ல உப்பு இல்லியா?"

"சமையல்ல இருக்குக்கா. சொல்லறதுல..."

"உப்புப் போடணும்னு சோறு திங்கற ஜென்மத்துக்குச் சொல்லணுமா? அது எனக்கு நேத்தே சுருக்குன்னு தச்சுது, பெரிசு பண்ண வேண்டாம்னு பாத்தேன். நீ அதையே திரும்பத் திரும்பச் சொல்லற! எங்க வீட்டுக்காரர் காதுக்குப் போனா என்ன நெனப்பாரு?"

மிஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. கொஞ்சம் வேகமாகவே.

சாயங்காலம் டீக்கடையில் பஞ்சாயத்துக் கூடியது. வைரக்கண்ணு தன்னைப் பற்றிச் சொன்னதைச் சொன்னார். ஷமா தன்னைப் பற்றிச் சொன்னதைச் சொன்னாள். மாட்டுக்காரர், மாடு ஓடியதற்கு முந்தைய பகுதியையும் பிந்தைய பகுதியையும் தானே கேட்டதாகச் சொன்னார். வரவர விண்ணப்பம் நீண்டுகொண்டே போனது. சுடர்விழி சொல்லாததெல்லாம் அதில் இருந்தது. கடைத்தெருவில் யாருக்கு வாய் நீளம் என்று அவள் பட்டியல் வாசித்ததாக ஒருவர் சத்தியம் செய்தார்.

நடுவில் நின்ற ராஜராஜன் சார் சட்டென்று கையை உயர்த்தினார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் இருங்க. சுடர்விழி, இங்க வா. நீ விண்ணப்பத்துல என்ன சொன்ன? யாரும் கேக்கறதில்லன்னு. இப்ப பாரு! ஊரே கேட்டிருக்கு! கேட்டதோட இல்ல, மனசுல வாங்கியிருக்கு!"

"ஆமா, வாங்கித்தான் கெடக்கு," என்றார் வைரக்கண்ணு.

"அப்ப அந்த விண்ணப்பமே பொய். பொய்க்கு நான் பரிந்துரை குடுக்க முடியாது. புதுசா ஒண்ணு பதிவு பண்ணு. இவங்க எல்லாரும் நாளைக்கு மாடிக்கு வந்து, தினம் எங்க ரேடியோவக் கேக்கறோம்னு அவங்க வாயாலயே சொல்லுவாங்க. என்னங்க, சொல்லுவீங்கல்ல?"

"சொல்லறதென்ன? உண்மையத்தான சொல்லப் போறோம்," என்றாள் ஷமா.

கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. நேபாளத்தில் தங்கள் குரல் கேட்கும் என்றதும் வைரக்கண்ணு மீசையைத் தடவினார்.

சுடர்விழிக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் இத்தனை பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். கூடவே, சொல்ல முடியாத ஓர் ஏமாற்றமும் இருந்தது.

"சார், பிரச்சினையே இல்லன்னா அங்க போய் நான் என்ன கேக்கறது?"

"நீ ஏன் கேக்கற? அவங்க உன்னக் கேக்கட்டும். ஊரையே எப்படிக் கேக்க வச்சோம்னு நாம கத்துக்குடுப்போம்."

"கத்துக்கறவங்களுக்குத்தான் சார் உதவித்தொகை."

"பேசாத."

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒலிப்பதிவு அறையில் மூச்சு விட இடமில்லை. வைரக்கண்ணு டீத்தூக்கோடு வந்திருந்தார். ஷமா புதுப் புடவையில் வந்திருந்தாள். அம்மா, தெருவே பார்க்கும்படி டிவியை அணைத்துவிட்டு வந்ததாக முதலிலேயே அறிவித்தாள். சார் ஒவ்வொருவருக்கும் வசனம் சொல்லிக் கொடுத்தார்.

"'தினமும் மாலை ஆறு மணிக்கு எங்கள் வேலையை நிறுத்திவிட்டு...' எங்க, சொல்லுங்க."

"வேலைய நிறுத்தினா டீ யாரு போடறது?" என்றார் வைரக்கண்ணு.

"சரி, 'வேலை செய்துகொண்டே'."

ஒவ்வொருவராகப் பேசினார்கள். நன்றாகவே பேசினார்கள். வியாழக்கிழமை விண்ணப்பத்தையும் வெள்ளிக்கிழமை மன்னிப்பையும் கேட்டபோது எங்கே இருந்தோம், என்ன செய்துகொண்டிருந்தோம், எந்த இடத்தில் நெஞ்சு அடைத்தது என்றெல்லாம் சொன்னார்கள். அம்மா குரல் உடைந்து, மூக்கை உறிஞ்சினாள். சுடர்விழியும் உறிஞ்சினாள். அதையும் பதிவில் வைத்துக்கொள்ளச் சொன்னார் சார்.

புதிய விண்ணப்பம் தயாரானது. 'எங்கள் நிலையத்தில் தீராத பிரச்சினை என்று எதுவும் இல்லை' என்று அது தொடங்கியது. சார் பரிந்துரையை எடுத்து நீட்டினார். சுடர்விழி வாங்கிக்கொண்டாள். இது கிடைத்தால் போகலாம். போய் எல்லோருக்கும் நடுவில் உட்காரலாம். அவர்கள் தங்கள் குறைகளைப் பேசும்போது இவள் மட்டும் சும்மா இருக்கலாம். அனுப்பும் பொத்தானுக்கு மேல் அவள் விரல் நின்றது.

அப்போது பின்பக்கத்துக் கதவு திறந்தது. கும்பகோணத்து ஃபாஜில் பாய், கையில் ஸ்பேனரும் தோளில் ஒயர்ச் சுருளுமாக நின்றார். பின்னறையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரையும் கோபுரத்தையும் பழுது பார்ப்பவர் அவர்தான். அந்த அறைக்குத் தனிப் படிக்கட்டு, சாவியும் அவரிடம்.

"என்ன இது, கல்யாண வீடு மாதிரி கூட்டம்?"

சுடர்விழி எழுந்து நின்றாள். "பாய், உங்களப் பத்தி அதுல நான் எதுவும் சொல்லல. ஆனாலும் வருத்தப்பட்டிருந்தா மன்னிச்சிருங்க."

"எதுல?"

"வியாழக்கெழம நிகழ்ச்சியில. நீங்க கேக்கலியா?"

"எப்படிம்மா கேக்கறது?" ஃபாஜில் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "புதன்கெழம ராத்திரி விழுந்த இடியில டிரான்ஸ்மிட்டர் போயிருச்சு. கழட்டி திருச்சிக்குத் தூக்கிட்டுப் போய், சரி பண்ணி, இப்பதான் மாட்டிட்டு வரேன்."

"இல்ல பாய், நானே ஸ்பீக்கர்ல கேட்டேனே!"

"அது இந்தக் கம்ப்யூட்டர் சத்தம்மா. வெளிய போச்சா இல்லியான்னு அந்த ஸ்பீக்கருக்கு எப்படித் தெரியும்?"

வைரக்கண்ணு டீத்தூக்கின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். ஷமா புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தாள். அம்மா, சீரியலில் வருகிறவர்களைப்போல் மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

ராஜராஜன் சார்தான் முதலில் வாயைத் திறந்தார். "என்னய்யா இது? பொறுப்பாளர் நான், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

"குரூப்புல மெசேஜ் போட்டேனே சார். அதுக்கு மேல நீங்க எல்லாரும் குட்மார்னிங் பூவா போட்டு மூடிட்டீங்க. நானும் அவசர அவசரமா முடிச்சிருப்பேன். ஆனா 'ஏம்ப்பா, நம்ம ரேடியோ வரலியே'ன்னு இத்தன நாளா ஒருத்தர்கூட போன் பண்ணல!"

2 நவம்பர், ஞாயிறு. எல்லோரும் சிரித்தோம். ராஜராஜன் சார் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். பரிந்துரையை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நாளைய வேலை: முதலில் பேசிய விண்ணப்பத்தையே, ஒரு சொல்லும் மாற்றாமல், மதியத்துக்குள் அனுப்புவது.